வாய் திறப்பதற்கு முன்

நுக்சார், நீ கொண்டுவந்த அக்ரூட் சரத்தை
உன் கோப்பின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாய்.
திராட்சைப் பாகு ஒட்டி
மூன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும் பிரிய மறுக்கின்றன.
இருக்கட்டும். அவை செலவுக் கணக்கு.

முதலில் இதைக் கேள்.
உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது.
தெலாவிச் சந்தையில் யாராவது விற்றால் வாங்காதே.
காப்பு, கைக்கு ஒன்று.
ஜார்ஜியாவின் மணிக்கட்டில் பூட்டியது
துருக்கியின் கையில் ஏறாது.

பதினேழு நாடு எழுதியிருக்கிறாய், பிரேசில் வரை.
பிரேசிலில் கழுத்து வரை மண்ணில் புதைத்த சாடியில்
ஒயின் ஊறப்போடுகிறவர்கள் எத்தனை பேர்?
அந்தச் சாடியைக் கழுவும் உன் கம்பை
யார் வாங்குவார்கள்,
யார் பார்த்துச் செய்துவிடுவார்கள்,
யார்மேல் வழக்குப் போட உனக்குத் தெம்பு உண்டு:
மூன்றும் சேருகிற இடத்தில் மட்டும் பணத்தை நடு.
நான்கை விட்டுவைத்தேன்.
மற்றதைப் பென்சிலால்தான் அடித்திருக்கிறேன்.
அழிப்பான் உன்னிடம்.

இங்கே, திபிலிசியில், முதல் விண்ணப்பம் ஏறும் தேதியைச்
சமையலறைச் சுவரில் எழுது.
பன்னிரண்டு மாதம்
வெளிநாட்டுக் கதவுகள் அந்தத் தேதியை மதிக்கும்.
பதின்மூன்றில் நீ வெறும் வழிப்போக்கன்.
சர்வதேச விண்ணப்பம் என்று ஒன்று உண்டு.
அது காப்புரிமை தராது, அவகாசம் தரும்,
முப்பது மாதம்.
நடுவில், பதினெட்டில்,
நீ பின்வாங்காவிட்டால்
உன் ரகசியம் ஊரறிய அச்சாகிவிடும்.
பயப்படாதே, அதுதான் பேரம்:
சொல்லிக்கொடு, சொந்தமாக்கிக்கொள்.

பிறகு மொழிபெயர்ப்பு.
கீல் என்று போக வேண்டியது
ஜப்பானியத்தில் கொக்கி என்று போனால்
இருபது வருடம் நீ ஒரு கொக்கிக்குச் சொந்தக்காரன்.
மலிவாகச் செய்கிறேன் என்பவனை என்னிடம் அனுப்பாதே.

உன் மைத்துனர் பாதூர் பணம் போட்டார், சரி.
பங்கு கொடு.
கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரை எழுதாதே,
விருந்தில் எத்தனை கோப்பை உயர்த்தினாலும்.

இவ்வளவும் எழுதி
உறையை ஒட்டப்போனபோது
உன் காணொளி வந்தது.
"பாருங்கள் நாத்தெலா, அறுவடை விழாவில்
எல்லோரும் கைதட்டினார்கள்!"

அறுவடை விழா.
செப்டம்பர்.
இப்போது மார்ச்.
ஒரு தாளும் இன்னும் எங்கும் ஏறவில்லை.

அமெரிக்கா ஓராண்டு பொறுக்கும்.
ஜப்பானும் பொறுக்கும், காரணம் எழுதிக் கொடுத்தால்.
ஐரோப்பா பொறுக்காது.
விண்ணப்பத்துக்கு முந்தின நாள் ஊர் பார்த்தாலும்
அங்கே அது பழசு,
பார்க்கவைத்தது நீயே ஆனாலும்.

நாற்பத்து மூன்று நொடி.
பதினொரு முறை பார்த்தேன்.
கம்பு சாடியின் வாய்க்குள் இறங்குகிறது.
இருட்டு.
உள்ளே கை விரிகிற சத்தம் மட்டும்,
டக்.
கூட்டம் பார்த்தது ஒரு கம்பையும் உன் பல்லையும்தான்.
புதுமை இருப்பது கீலில்.
கீல் மண்ணுக்கடியில் இருந்தது.
அவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு
சாடி எதையும் சொல்லவில்லை.

என்னுடைய டீ ஆறிப்போயிருந்தது.
சூடாக்காமலே குடித்தேன், சந்தோஷமாக.

பன்னிரண்டாவது முறை ஏன் பார்த்தேனோ.
முப்பத்தொன்பதாவது நொடியில்
பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர் கை நீட்டுகிறார்.
மைன்ஸ் நகரத்து ஒயின்காரர் என்று நீ சொன்னவர்.
நீ கம்பை உருவியபடி
அவர் பக்கம் திரும்புகிறாய்.
படம் அறுந்துவிடுகிறது.

கொடுத்தாயா, நுக்சார்?
மடக்கி விரித்துக் காட்டினாயா?
எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லாதே.
அவர் நினைவு வைத்திருப்பார்,
நாளைக்கு அவருடைய வழக்கறிஞரும்.

போனில் கேட்டேன்.
மறுமுனையில் நாய் குரைத்தது,
யாரோ வாளியைக் கீழே வைத்தார்கள்,
"ஒரு நிமிஷம்" என்றாய்.

ஜெர்மனி என்ற வரியின்மேல்
பென்சிலைத் தொடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.